படத்தின் மேல் விழுந்த பழி
விளம்பர மின்னஞ்சல்கள் ஸ்பாம் பெட்டியில் போய் விழுவது ஏன்? ஒரு விசாரணை

பண்டிகைத் தள்ளுபடியை அறிவிக்கும் ஜவுளிக் கடையானாலும், புதிய நூல்களின் பட்டியலை அனுப்பும் பதிப்பகமானாலும், மின்னஞ்சல் வழியாக விளம்பரம் செய்கிறவர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கடிதத்தில் படம் இருந்துவிட்டால், அதிலும் அந்தப் படம் கடிதத்தோடு வராமல் வெளியே உள்ள ஒரு சர்வரிலிருந்து தருவிக்கப்படுவதாக இருந்துவிட்டால், அக்கடிதம் வாடிக்கையாளரின் இன்பாக்ஸை எட்டிப் பாராமலே ஸ்பாம் பெட்டிக்குள் போய்விடும் என்பதே அந்த நம்பிக்கை. இதன் விளைவாகச் சிலர் படங்களையே துறந்து, பட்டுப் புடவையின் அழகைச் சொற்களால் விவரிக்கும் பரிதாபமான முயற்சியில் இறங்குகிறார்கள். வேறு சிலர் படத்தைக் கடிதத்துக்குள்ளேயே திணித்து, அதன் பாரத்தைப் பல மடங்கு பெருக்கிவிடுகிறார்கள். இவ்விரு பிரயத்தனங்களுக்கும் பிறகும் கடிதங்கள் ஸ்பாம் பெட்டிக்கே போய்ச் சேருகின்றன.

காரணம், பழி தவறான இடத்தில் சுமத்தப்பட்டிருக்கிறது. படம் சந்தேகத்துக்கு இடம் தரும் வஸ்து என்பது உண்மையே. அந்தச் சந்தேகத்துக்குப் பூர்வ சரித்திரமும் நியாயமும் உண்டு. ஆனால், கடிதத்தின் கதியை நிர்ணயிப்பவை பிரதானமாக வேறு மூன்று: அனுப்புகிறவரின் பெயருக்குள்ள நம்பகம், படத்தை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் கடிதத்தில் எஞ்சி நிற்கும் விஷயம், அதைப் பெறுகிறவர் காட்டும் விருப்பு வெறுப்பு.

சந்தேகம் பிறந்த வரலாறு

1978ஆம் ஆண்டு மே மாதத்தில், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், தம் நிறுவனத்தின் புதிய கணினிகளை வந்து பார்க்குமாறு, அர்பாநெட் என்ற ஆராய்ச்சி வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு, அவர்கள் எவரும் கேளாமலே ஓர் அழைப்பை அனுப்பி வைத்தார். கேளாமல் வந்து குவியும் விளம்பர மின்னஞ்சல்களுக்கெல்லாம் முன்னோடி என்று இன்று குறிப்பிடப்படுவது அந்தக் கடிதமே. அதில் படம் ஏதும் இல்லை. மின்னஞ்சலில் வெறும் எழுத்து மட்டுமே செல்லக்கூடிய காலம் அது. எனவே, உலகின் முதல் ஸ்பாம் கடிதம் கண்டனத்துக்கு உள்ளானபோது அந்தக் கண்டனத்தில் படத்துக்குப் பங்கே இருக்கவில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

எழுத்து மட்டும் என்ற எல்லை 1992இல் தகர்ந்தது. நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் என்ற முறை, ஒரே கடிதத்தில் எழுத்தையும் படத்தையும் ஒலியையும் சேர்த்து அனுப்ப வழி செய்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் போரன்ஸ்டைன், தாம் அங்கம் வகித்த நால்வர் பாட்டுக் குழுவின் படத்தையும் பாட்டையும் அனுப்பி அதைச் செய்து காட்டினார். பின்னர், வலைப்பக்கம்போல் அமைக்கப்படும் ஹெச்டிஎம்எல் கடிதங்கள் பரவியபோது, படத்தைச் சுமந்து செல்லாமல் அதன் இணைய முகவரியை மட்டும் கடிதத்தில் எழுதி வைத்து, வாசகர் கடிதத்தைத் திறக்கும் கணத்தில் அந்தப் படத்தைச் சர்வரிலிருந்து தருவித்துக்கொள்ளும் ஏற்பாடு வழக்கத்துக்கு வந்தது. வியாபாரிக்கு இது பெரிய சௌகரியம். கடிதம் இலேசாகிறது, படத்தில் பிழை இருந்தால் அனுப்பிய பிறகும் திருத்தலாம்.

ஆனால், இந்தச் சௌகரியத்தை முதலில் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் நேர்மையான வியாபாரிகள் என்று சொல்வதற்கில்லை. படத்தைத் தருவிக்க வாசகரின் கணினி சர்வரைத் தொடர்புகொள்ளும்போது, கடிதம் திறக்கப்பட்டது என்ற செய்தியும், திறந்தவரின் ஐ.பி. முகவரியும், திறந்த நேரமும் அனுப்பியவருக்குத் தெரிந்துவிடுகின்றன. இதற்கு அழகிய படம்கூடத் தேவையில்லை. நீளத்தில் ஒன்றும் அகலத்தில் ஒன்றுமாக, கண்ணுக்கே தெரியாத ஒரு பிக்சல் போதும். கோடிக்கணக்கான முகவரிகளுக்குக் குருட்டாம்போக்கில் கடிதம் அனுப்புகிற மோசக்காரருக்கு, அவற்றில் எந்த முகவரியின் பின்னால் உயிருள்ள மனிதர் இருக்கிறார் என்பதை இந்தப் பிக்சல் காட்டிக் கொடுத்தது. இந்த உபத்திரவத்தின் காரணமாகத்தான் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவுட்லுக் 2003 முதல், வெளியிலிருந்து வரும் படங்களை வாசகர் அனுமதித்தாலன்றிக் காட்டாமல் தடுத்து வைத்தது.

படத்தின் மேல் சந்தேகம் எழுந்ததற்கு இரண்டாவது காரணம், ஸ்பாமைப் பிரித்தெடுக்கும் வடிகட்டிகளின் வெற்றியிலிருந்தே பிறந்தது. 2002ஆம் ஆண்டு ஆகஸ்டில் பால் கிரஹாம் என்ற அமெரிக்கர், ஒரு கடிதத்தில் உள்ள சொற்களைக் கொண்டு அது ஸ்பாமாக இருப்பதற்கான நிகழ்தகவைக் கணக்கிடும் முறையை விளக்கி எழுதினார். அதன்பின் சொற்களைப் படித்துக் கற்றுக்கொள்ளும் வடிகட்டிகள் எங்கும் பரவின. சொல்லைப் படிக்கும் காவலரிடமிருந்து தப்புவதற்குச் சொல்லையே படமாக்கிவிடுவது என்ற யுக்தியை மோசக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். 2006, 2007ஆம் ஆண்டுகளில், சல்லிக்காசு பெறாத பங்குகளை வாங்கும்படி தூண்டும் படக் கடிதங்கள் வெள்ளமாகப் பெருகின. அப்படங்களில் உள்ள எழுத்துகளை இயந்திரம் படித்துவிடாதபடி அவற்றை நெளித்தும், புள்ளிகளைத் தூவி ஒரு படம்போல் மற்றொரு படம் இராதபடி செய்தும் அனுப்பினார்கள். எழுத்தே இல்லாமல் படம் மட்டும் கொண்ட கடிதத்தைக் கண்டால் வடிகட்டிகள் இன்றும் முகம் சுளிப்பது அந்த நாட்களின் அனுபவத்தால்தான்.

மூன்றாவது காரணம், வெளியிலிருந்து வரும் படத்தின் சுபாவத்திலேயே இருக்கிறது. கடிதம் வந்து சேரும் நேரத்தில் அந்த முகவரியில் குற்றமற்ற ஒரு பூங்கொத்தின் படம் இருக்கலாம். வடிகட்டி அதைப் பார்த்துக் கடிதத்தை உள்ளே அனுமதித்த பிறகு, அதே முகவரியில் போலி வங்கியின் அறிவிப்பை வைத்துவிடலாம். அனுப்பிய பின் திருத்தலாம் என்ற வசதியின் மறுபக்கம் இது.

புள்ளிக் கணக்கு

சந்தேகத்தின் சரித்திரம் இப்படி இருந்தாலும், சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு. வடிகட்டி எவ்வாறு தீர்ப்பளிக்கிறது என்பதை ஓரளவு வெளிப்படையாகக் காண விரும்புவோருக்கு, ஜஸ்டின் மேசன் 2001இல் வெளியிட்டதும், இன்றளவும் பல அஞ்சல் சர்வர்களில் ஊழியம் செய்வதுமான ஸ்பாம்அசாசின் என்ற மென்பொருள் நல்ல உதாரணம். அது ஒவ்வொரு கடிதத்தையும் நூற்றுக்கணக்கான விதிகளோடு ஒப்பிட்டு, குற்றத்துக்கு ஏற்பப் புள்ளிகளைக் கூட்டியும், நற்குணங்களுக்கு ஏற்பக் குறைத்தும் மொத்தம் காண்கிறது. மொத்தம் 5 என்ற எல்லையைத் தொட்டால், நிர்வாகி வேறு எல்லையை வகுத்திராத பட்சத்தில், அது ஸ்பாம் என்று முத்திரை இடப்படுகிறது.

அந்த விதிகளில் படத்தைப் பற்றியவற்றைப் படித்தால் உண்மை விளங்கிவிடும். வெளியிலிருந்து படம் வருகிறது என்பதற்காக மட்டும் தண்டிக்கும் விதியாக அவை அமையவில்லை. படம் இருந்து எழுத்து 400 பைட்டுக்கும் குறைவாக இருந்தால் ஒரு விதி, 800க்குக் குறைவாக இருந்தால் மற்றொரு விதி என்று படிப்படியாக எழுத்தின் அளவையும், படத்தின் பரப்புக்கும் எழுத்துக்கும் உள்ள விகிதத்தையுமே அவை அளக்கின்றன. ஹெச்டிஎம்எல் பகுதி மட்டும் இருந்து, அதற்கு இணையான வெற்று எழுத்துப் பகுதி இல்லாவிட்டால் அதையும் குறித்துக்கொள்கின்றன. இரு பகுதிகளும் இருந்து, ஒன்றில் சொன்னது மற்றொன்றில் இல்லையென்றால் அதையும் குறித்துக்கொள்கின்றன. அச்சுக்குத் தயாரித்த துண்டுப் பிரசுரத்தை அப்படியே ஒரே படமாக்கி, அதைக் கடிதம் என்று பெயரிட்டு அனுப்புகிற கடைக்காரர், தாம் அறியாமலே 2006ஆம் ஆண்டின் பங்கு மோசக்காரர்களுடைய வேஷத்தைப் பூண்டுகொள்கிறார்.

படத்தைக் கடிதத்துக்குள் அடக்கி அனுப்பிவிட்டால் சந்தேகம் தீரும் என்று நினைப்பதும் பயனற்றது. பங்கு மோசக்காரர்களின் படங்கள் பெரும்பாலும் அப்படிக் கடிதத்தோடு ஒட்டி வந்தவையே. மேலும், உள்ளே அடக்கும் படம் அஞ்சலுக்கு உரிய எழுத்து வடிவமாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுகிறது. 300 கிலோபைட் படம் 400 கிலோபைட் ஆகும். அதை ஒரு லட்சம் பேருக்கு அனுப்பினால் 40 ஜிகாபைட் பாரம். வெளியிலிருந்து தருவிக்கும் முறையே விவேகமானது. அதைத் தகுந்த மரியாதைகளோடு கையாளத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

பெயர்களின் சாட்சியம்

ஜிமெயில் போன்ற பெரிய அஞ்சல் சேவைகள் இந்தப் புள்ளிக் கணக்கையும் கடந்து, கடிதத்தில் காணும் பெயர்களின் பூர்வோத்தரத்தை விசாரிக்கின்றன. அனுப்புகிறவரின் டொமைன் உண்மையில் அவருடையதுதானா என்பதற்கு மூன்று சாட்சியங்கள் வேண்டப்படுகின்றன. எந்தெந்த சர்வர்கள் தம் பெயரில் அனுப்பலாம் என்று டொமைனின் சொந்தக்காரர் பகிரங்கமாக எழுதி வைக்கும் பட்டியல் எஸ்பிஎஃப். கடிதம் வழியில் திருத்தப்படவில்லை என்பதற்குக் கணித முறையில் இடும் கையொப்பம் டிகிம். இவ்விரண்டில் ஒன்றாவது, வாசகர் கண்ணில் படும் அனுப்புநர் பெயரோடு பொருந்த வேண்டும் என்றும், பொருந்தாவிட்டால் என்ன செய்யலாம் என்றும் அறிவிப்பது டிமார்க். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 அல்லது அதற்கு மேற்பட்ட கடிதங்கள் அனுப்புகிறவர்களுக்கு இம்மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியது. யாஹூவும் அதே காலத்தில் அவ்வாறே செய்தது. மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதத்தில் தன் அவுட்லுக் டாட் காம் போன்ற சேவைகளுக்கு இதே வழியைப் பின்பற்றியது.

சொந்தப் பெயரைச் சுத்தமாக வைத்திருக்கும் வியாபாரிகளும் இடறி விழுகிற இடம் இதற்கு அடுத்ததாக வருகிறது. வடிகட்டி அனுப்புநரின் பெயரோடு நின்றுவிடுவதில்லை. கடிதத்தின் உடலில் காணும் ஒவ்வொரு லிங்க்கிலும், ஒவ்வொரு படத்தின் முகவரியிலும் உள்ள டொமைன் பெயர்களைப் பிரித்தெடுத்து, 1998இல் தோன்றிய ஸ்பாம்ஹாஸ், 2004இல் தோன்றிய சர்பில் போன்ற அமைப்புகள் பராமரிக்கும் தடைப் பட்டியல்களில் அவை இருக்கின்றனவா என்று தேடுகிறது. இலவசமாகப் படம் ஏற்றி வைக்க இடம் தரும் ஒரு பொதுத் தளத்தில் உங்கள் படத்தை வைத்தீர்களானால், அதே தளத்தில் இடம் பிடித்திருக்கும் முன்பின் தெரியாத மோசக்காரரின் அபகீர்த்தியிலும் உங்களுக்குப் பங்கு வந்துவிடுகிறது. முகவரியைச் சுருக்கித் தரும் சேவைகளுக்கும் இதே கதிதான். போகும் இடத்தை மறைப்பதாலேயே அவை மோசக்காரர்களுக்குப் பிரியமானவையாக இருந்தன; வடிகட்டிகளுக்கு அப்பிரியமானவையாயின.

பிறர் செய்த பாவம் ஒரு பெயரை எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதற்கு நம் ஊரில் வேரூன்றிய ஸோஹோ நிறுவனத்தின் அனுபவம் ஓர் எடுத்துக்காட்டு. 2018 செப்டம்பரில், அதன் அஞ்சல் சேவையைப் பயன்படுத்திச் சிலர் மோசடிக் கடிதங்கள் அனுப்புவதாக எழுந்த புகார்களின் பேரில், ஸோஹோ டாட் காம் என்ற பெயரையே அதன் பதிவாளர் முடக்கி வைக்க, மின்னஞ்சலுக்கும் கணக்குக்கும் அதை நம்பியிருந்த உலகெங்கும் உள்ள வாடிக்கையாளர்கள் திகைத்துப்போனார்கள். அத்தனை பெரிய ஸ்தாபனத்துக்கே அந்த நிலை என்றால், சிறிய கடைக்காரர் தம் படங்களை யாருடைய பெயரின் கீழ் வைக்கிறார் என்பதில் அலட்சியமாக இருக்க முடியாது.

பரிகாரம் எளியது. கடிதத்தை அனுப்பும் டொமைனுக்கே ஒரு கிளைப் பெயரை ஏற்படுத்தி, படங்களை அதன் கீழ், பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரியில் வைக்க வேண்டும். அனுப்புகிற பெயரும், படத்தின் பெயரும், வாசகரை அழைத்துச் செல்லும் கடையின் பெயரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருந்தால் வடிகட்டிக்கு விசாரிக்க வேலை குறைகிறது. பெயரே இல்லாமல் வெறும் ஐ.பி. எண்களால் ஆன முகவரியில் படத்தை வைப்பது சந்தேகத்தை வலிந்து அழைப்பதாகும். பண்டிகை முடிந்ததும் படங்களை நீக்கிவிடுவதும் தகாது. பத்து நாள் கழித்துக் கடிதத்தைத் திறக்கிற வாடிக்கையாளரும் உண்டு.

தமிழில் எழுதுவோர் கவனத்துக்கு

தமிழ் விளம்பரங்களில் எழுத்தைப் படமாக்கும் பழக்கம் மற்ற மொழிகளைக் காட்டிலும் சற்று ஆழமாகப் பதிந்திருப்பதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. டாப், டாம், டிஸ்கி, பாமினி என்று ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவைக் கையாண்ட நாட்களில், எதிர்ப் பக்கத்தில் இருப்பவரிடம் அதே எழுத்துரு இல்லையென்றால் தமிழ் என்று அனுப்பியது புரியாத குறிகளாகப் போய்ச் சேர்ந்தது; ஆகவே தமிழைப் படமாக்கி அனுப்புவதே உத்தமம் என்று அனுபவசாலிகள் கண்டார்கள். யூனிகோட் வந்து, கைப்பேசிகளெல்லாம் தமிழைத் தெளிவாகக் காட்டும் இக்காலத்தில் அந்த நியாயம் காலாவதியாகிவிட்டது. பழக்கம் மட்டும் எஞ்சி நிற்கிறது. வாசலில் இட்ட கோலம் வீட்டுக்கு அழகு தருமேயன்றி வீடாகிவிடாது. தள்ளுபடி எவ்வளவு, எந்தத் தேதி வரை, கடை எங்கே என்பவை எழுத்தாகவே இருக்க வேண்டும்.

இதற்கு மேலும் இரு குறிப்புகள் அவசியம். முதலாவது, ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் டெக்ஸ்ட் என்னும் மாற்று எழுத்து உண்டு. படம் தடுக்கப்பட்ட இடத்தில் வாசகர் காண்பதும், பார்வையற்றவருக்குக் கணினி படித்துக் காட்டுவதும் அதுவே. அந்த இடத்தை வெறுமையாக விடாமலும், கேமரா தந்த கோப்புப் பெயரை அப்படியே விட்டு வைக்காமலும், "அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு, தங்கச் சரிகைக் கரை" என்று நல்ல தமிழில் எழுதலாம். இரண்டாவது, கடிதத்தின் ஹெச்டிஎம்எல் பகுதி சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அதைப் பாதியில் வெட்டிவிட்டு, மீதியைக் காண ஒரு லிங்க்கைக் கொடுக்கிறது. ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்குகிற இடத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிப்பதாலும், "கொ" போன்ற உயிர்மெய்க்கு இரண்டு குறிகள் வேண்டியிருப்பதாலும், தமிழில் நீண்ட கடிதம் எழுதுவோர் அந்த எல்லையை விரைவில் எட்டுவார்கள். வெட்டுப்படும் பகுதியில் பெரும்பாலும் இருப்பது, கடிதத்தை நிறுத்தக் கோரும் லிங்க். அது கண்ணில் படாத வாசகர் வேறு பொத்தானை அழுத்துவார்; அதன் விளைவைப் பிறகு காண்போம்.

திறந்தவர் கணக்கு

படங்களை வெளியிலிருந்து தருவிப்பதில் வியாபாரிகளுக்கு இருந்த இன்னொரு லாபம், எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தார்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்கின் மதிப்பு இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. 2013 டிசம்பரில் ஜிமெயில், படங்களைத் தன் இடைச் சர்வர்களின் வழியாகத் தருவித்து வாசகருக்குக் காட்டத் தொடங்கியது. அதனால் தடுப்பு நீங்கிப் படம் தானாகவே தெரிந்தது, ஆனால் வாசகரின் ஐ.பி. முகவரி அனுப்புநரை எட்டுவது நின்றது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 15உடன் கொண்டுவந்த அஞ்சல் அந்தரங்கப் பாதுகாப்போ, வாசகர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே தருவித்து வைத்துவிடுகிறது. அந்த ஏற்பாட்டை ஏற்றவர்கள் எல்லோரும் எல்லாக் கடிதங்களையும் ஆர்வத்தோடு திறப்பவர்களாகக் கணக்கில் தோன்றுவார்கள். எனவே, திறந்தவர் கணக்கை நம்பி, கடிதம் இன்பாக்ஸுக்குப் போகிறதென்று மகிழ்வது பேதைமை. எத்தனை பேர் லிங்க்கை அழுத்தினார்கள், எத்தனை பேர் பொருள் வாங்கினார்கள், எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்பவையே நம்பத் தகுந்த அளவைகள். கடைசியாகச் சொன்னதை, ஜிமெயிலைப் பொறுத்தவரை, கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்ற இலவசச் சேவையில் காணலாம்.

வாசகரின் தீர்ப்பு

ஏனெனில், இறுதித் தீர்ப்பு அந்தப் புகாரில்தான் இருக்கிறது. பெருவாரியாக அனுப்புகிறவர்களுடைய கடிதங்களைப் பற்றி ஸ்பாம் என்று வாசகர்கள் கொடுக்கும் புகார், 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது, 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பதே நல்லது என்பது கூகுள் வகுத்துள்ள விதி. ஆயிரம் பேரில் மூவர் சலிப்படைந்து ஸ்பாம் பொத்தானை அழுத்தினால் போதும், மற்ற 997 பேருக்குப் போக வேண்டிய கடிதங்களும் ஆபத்துக்கு உள்ளாகின்றன. படத்தை எவ்வளவு நேர்த்தியாக அமைத்தாலும், எழுத்தை எந்த விகிதத்தில் கலந்தாலும், இந்த மூவரின் வெறுப்பை அவை ஈடுசெய்ய மாட்டா. கடிதம் வேண்டாம் என்று சொல்ல வாசகருக்கு ஒரே அழுத்தில் வழி இருக்க வேண்டும், அந்த வேண்டுகோளை இரண்டு நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024இல் விதித்ததன் உட்பொருள் இதுவே. விலகும் வாசலை மறைத்து வைக்கிற வியாபாரி, வாசகரைப் புகார் வாசலுக்குத் தாமே அனுப்பி வைக்கிறார்.

முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்கி அனுப்புகிறவர்களின் நிலை இன்னும் விபரீதமானது. அப்பட்டியல்களில், எவருக்கும் சொந்தமில்லாத, மோசக்காரர்களைப் பிடிப்பதற்கென்றே தடைப் பட்டியல் அமைப்புகள் வைத்திருக்கும் பொறி முகவரிகள் கலந்திருக்கும். எவருக்கும் சம்மதம் தந்திராத அம்முகவரிகளுக்குக் கடிதம் போவதே குற்றத்துக்குச் சாட்சி. டொமைனின் பெயர் கறைபட அது போதும்.

ஆகவே, விளம்பர மின்னஞ்சல் அனுப்பும் அன்பர்களுக்கு நாம் செய்துகொள்ளும் வேண்டுகோள் இது. அடுத்த கடிதத்தை அனுப்புவதற்கு முன், உங்கள் அஞ்சல் செயலியில் படங்களைக் காட்டாதபடி நிறுத்திவிட்டு, அக்கடிதத்தை உங்களுக்கே ஒரு முறை அனுப்பிப் படித்துப் பாருங்கள். யார் அனுப்பியது, என்ன சொல்கிறது, வேண்டாமென்றால் எங்கே அழுத்துவது என்ற மூன்றும் அப்போதும் விளங்கினால், படங்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். விளங்காவிட்டால், படத்தின் மேல் பழி போடாமல் கடிதத்தைத் திருத்துங்கள். கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள்.